பறவைக்கும் பாசிக்கும் காவல் யார்?

(காரைக்குடியில் ஆற்றிய உரை)



திருப்பத்தூர் வட்டத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டியை நீங்கள் அறிவீர்கள். தீபாவளியன்று அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது. பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு இருக்கும், அவ்வளவுதான். கோயில் திருவிழாவானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, ஊருக்குள் வேட்டுப் போடுவதில்லை. பல பத்தாண்டுகளாக இதுதான் ஊர்க் கட்டுப்பாடு.

காரணம் என்ன? மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்ததும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கொக்கும் நீர்க்காகமும் வந்து கண்மாய் மரங்களில் கூடு கட்டுகின்றன. வேட்டுச் சத்தத்துக்குத் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்து சாகும். இதைக் கண்ணால் பார்த்த ஜனங்கள் தாங்களே பட்டாசை விட்டார்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களையும் சேர்த்து 38.4 ஹெக்டேரை சர்க்கார் 1977இல் சரணாலயமாக அறிவித்தது. ஜனங்களுக்கும் இதில் பலன் உண்டு. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே எரு.

தீபாவளிக்கு வனத்துறையினர் ஊராருக்கு இனிப்பு வழங்குகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாரைக்கு வேண்டியது லட்டு அல்ல, தண்ணீர்! மழை பொய்த்து, கண்மாய் வறண்ட வருஷத்தில் ஊரே மூச்சடக்கி இருந்தாலும் பறவை வராது. மழை பெய்தும் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேரவில்லை என்றால் அது யார் குற்றம்?

நம்முடையது வானம் பார்த்த பூமி. ஒரு கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய் நிறைய வேண்டும். இடையிலே வரத்துக்காலை ஒருவன் மறித்து மனை போட்டு விற்றால், கீழே உள்ள கண்மாய் அத்தனையும் காய்கிறது. போதாததற்கு சீமைக் கருவேலம் கண்மாய்க்குள்ளேயே காடாக வளர்ந்து நிற்கிறது. காய்ந்த கண்மாயால் கொக்குக்கு மீன் போகிறது, குத்தகை விவசாயிக்கு நெல் போகிறது. இரண்டு பேருக்கும் ஒரே எதிரி.

கடலோரத்திலும் இதே கதைதான். 1985இல் பிரிக்கப்படும் வரை நாமும் ராமநாதபுரமும் ஒரே மாவட்டம். அங்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைதான் மீன்களுக்குப் பிறந்த வீடு; கரைக்கு அலைதாங்கி. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் என்று பல்லாண்டுகள் அந்தப் பாறையை வெட்டி ஏற்றினார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்குள் முழுகிக் கிடக்கின்றன. வெட்டி விற்றவர்கள் காசோடு போய்விட்டார்கள்.

பூங்கா வந்ததும் தடை யார் தலையில் விழுந்தது? பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முழுகி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். அகர் செய்யும் ஆலைக்குப் போகிற சரக்கு அது. தீவுப் பக்கம் போனாலே குற்றம் என்று அவர்களை விரட்டினார்கள், பாசியைப் பறித்தார்கள். அந்தத் தாய்மார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் எடுப்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அன்றாடங்காய்ச்சிகள் மாதத்தில் பதினெட்டு நாள் வருமானத்தை விடுகிறார்கள், தோழர்களே! தடை செய்த இரட்டைமடியைப் போட்டுக் கடலடியையே வழித்துப் போகும் விசைப்படகு முதலாளி எத்தனை நாளை விட்டுக்கொடுத்தார்?

இவர்களைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு எந்த இலாகாவும் பவளத்தைக் காக்க முடியாது. பாசி எடுக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்து, காவலிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

நம் ஊர் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ஆவணி முடிவதற்குள் அவரவர் கண்மாயின் வரத்துக்காலை நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த சர்வே எண், எவ்வளவு அகலம் போயிருக்கிறது என்று எழுதுங்கள். தாசில்தாருக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அக்டோபர் 2 கிராமசபையில் அதையே தீர்மானமாக வையுங்கள்.