பொதுக் கிணறும் பொது மென்பொருளும்



நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ பிறந்தவர்களுக்கு நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. உவர் நிலத்தின் நடுவே ஒரு நன்னீர்க் கிணறு வாய்த்தால் அதை நம்பித்தான் ஊரே வாழும். சாதியின் பேரால் அந்தக் கிணற்றைச் சிலருக்கு மறித்த காலமும் நமக்கு இருந்தது. எல்லோரும் அள்ளக்கூடியதாக இருந்தால்தான் அது பொதுக் கிணறு என்பதை அந்த வெட்கத்திலிருந்து கற்றுக்கொண்டோம்.

இன்று நான் பேச வந்தது கணினியைப் பற்றி.

தீவகத்தின் சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், அன்னதான சபைகள் பலவற்றுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் உறவுகள் தாம் பாவித்த கணினிகளை அனுப்பி வைக்கிறார்கள். அவற்றில் ஓடும் மென்பொருள் பெரும்பாலும் யாரோ ஒருவர் இரவலாகப் பதிந்து கொடுத்த பிரதி. ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருக்கும் பொருளாளரிடம், அந்தக் கணக்கை எழுதும் மென்பொருளுக்கு மட்டும் பற்றுச்சீட்டு இல்லை. தருமப்பணி செய்யும் சபைக்கு இது அழகல்ல.

இதற்கு நேர்மையான வழி உண்டு. திறந்த மூல மென்பொருளை யாரும் பாவிக்கலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம். சட்டமே அதற்கு இடம் தருகிறது. லினக்ஸ் இயங்குதளமும், கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஒபிஸும் இந்த வகையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதற்கடுத்த பதிப்பை ஏற்காத பழைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் இன்னும் நன்றாக ஓடும்.

நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்னும் பகுதியின் நூலகப் பொறுப்பாட்சி, 2000ஆம் ஆண்டு பிறந்தால் தன் பழைய கணினி முறைமை பிசகும் என்று கண்டது. 1999இல் புதிய மென்பொருள் ஒன்றைச் செய்வித்து, பின் அதை உலகுக்கே திறந்து விட்டது. அதற்கு இட்ட பெயர் கோஹா. மாவோரி மொழியில் அதற்குக் கொடை என்று பொருள். இன்று ஆயிரக்கணக்கான நூலகங்கள் அதைப் பாவிக்கின்றன.

நம் மத்தியிலும் உதாரணம் உண்டு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், விக்கிப்பீடியா பாவிக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கணினியாளர்கள் உருவாக்கிய சகானா, அனர்த்த நிவாரணத்துக்காகப் பிற நாடுகளிலும் பயன்பட்டது.

இலவசம் என்றால் வேலையே இல்லை என்று எண்ண வேண்டாம். பொதுக் கிணற்றையும் இறைத்துத் துப்புரவு செய்ய நாலு பேர் வேண்டும். கணினி பழுதானால் திருத்துபவர் குறிகட்டுவானில் படகேறி வரவேண்டிய ஊர்களில், உள்ளூரிலேயே இரண்டு இளைஞர்களாவது இதைக் கற்றிருக்க வேண்டும். மென்பொருளுக்குச் செலவிடாத பணத்தை அவர்களின் பயிற்சிக்குக் கொடுங்கள்.

ஒரேயடியாக மாறவும் வேண்டாம். முதலில் இருக்கின்ற விண்டோஸ் கணினியிலேயே லிப்ரே ஒபிஸைப் பதியுங்கள். அடுத்த கூட்ட அறிக்கையைப் பாமினி எழுத்துருவில் எழுதாமல் ஒருங்குறியில் எழுதுங்கள். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். பிறகு, திறந்த வடிவத்தில் சேமித்த ஒரு பிரதியைத் தீவிலும் இன்னொன்றைத் தீவுக்கு வெளியேயும் வையுங்கள்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தார்கள். கையில் அகப்பட்டதோடு வள்ளம் ஏறியவர்களால் நிலையத்தின் அறிக்கைப் புத்தகத்தையும் அங்கத்தவர் இடாப்பையும் எடுத்துவர முடிந்ததா? வேறிடத்தில் ஒரு பிரதி இருந்த ஏடுதான் மிஞ்சியது. நாளை நம் பிள்ளைகள் இந்தச் சபைகளின் கணக்கைத் திறந்து பார்க்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படாதிருக்கட்டும்.