வீடு யார் பெயரில்?

(கல்முனையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நமது சமூகத்தின் தனித்தன்மை எங்கேயிருக்கிறது என்று எவரேனும் வினவினால், பள்ளிவாசலைக் காட்டுவோம். தமிழ் மொழியைக் காட்டுவோம். இரண்டும் உண்மையே. ஆயினும் நாம் எண்ணிப்பாராத மூன்றாவது ஒன்றுண்டு. அது நாம் குடியிருக்கும் வீடு.

கல்முனைக்குடி முதல் அக்கரைப்பற்று வரை பிள்ளை தாயின் குடியைச் சேர்கிறது. ஒரே குடிக்குள் மணம் முடிக்கலாகாது என்பது முன்னோர் வகுத்த விதி. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்ததும் இம்முறையினாலேயே. மணமகன் மனைவியின் வீடு செல்கிறான், வீடு மகளுக்குரியது. அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்களிடமும் இதே வழமையைக் காண்கிறோம். சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களும், கண்ணூர் மாப்பிள்ளைமாரும் தாய்வழி முறையைப் பேணியவர்களே.

இவ்வழமைக்குச் சட்டத்தின் துணை எவ்வளவு? மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்தைப் பிரிட்டோ 1876 இல் நூலாக்கினார். அதே ஆண்டில் பிறந்த கட்டளைச் சட்டம் தமிழரிடையே அதன் வலிமையைப் போக்கிற்று. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1931 ஆம் ஆண்டின் தனிச்சட்டம் வந்தது. அப்படியிருந்தும் வீடு மகளிடமே நின்றதேன்? தந்தை உயிரோடிருக்கையிலேயே அவள் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்தமையால். நமது வழமை உறுதியில் வாழ்கிறது. உறுதி மாறினால் வழமையும் மாறும்.

அது மாறியதை நாம் கண்ணாரக் கண்டோம். 2004 டிசம்பர் 26 இல் பொங்கிய ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேதான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இடிந்த வீடுகள் பெண்களுடையவை. கட்டிக்கொடுத்த வீடுகளின் பத்திரங்களோ, ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு சொல்லினால், பல இடங்களில் ஆண்களின் பெயருக்குச் சென்றன. கடல் கொண்டது சுவரை. காகிதம் கொண்டது உரிமையை. நாளை மணமுறிவு நேர்ந்தால் வெளியேற வேண்டியவர் யார்? முன்னர் கணவன், இப்போது மனைவியும் மக்களும்!

வயலிலும் இதே கதைதான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகனையே முற்படுத்திற்று. 2022 இல்தான் அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. கல்லோயாக் காணிகளின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் விவசாயிகள் இதனை அறிதல் வேண்டும்.

“சீதனம் மார்க்கத்துக்கு முரணன்றோ?” என்பர் சிலர். நியாயமான கேள்வி. மணமகன் வீட்டார் பேரம்பேசி வாங்கும் கைக்கூலியை நாம் ஆதரிக்கவில்லை. சகோதரிக்கு வீடு கட்டுவதற்காக இளமை முழுவதையும் வளைகுடா நாடுகளில் கழித்த ஆண்மக்களின் துயரையும் நாம் மறைக்கவில்லை. பேரத்தை ஒழியுங்கள், வீட்டைச் சிறிதாக்குங்கள், ஆண்மக்களுக்கும் நீதி செய்யுங்கள். ஆனால், சீதனத்தை ஒழிப்பதாகச் சொல்லிப் பெண்ணின் நிழலையும் ஒழித்துவிடாதீர்கள்!

நாம் வேண்டுவது மூன்றே. அரசு கொடுக்கும் வீடாயினும் காணியாயினும் மனைவியின் பெயரும் பத்திரத்தில் ஏறவேண்டும். கையொப்பமிடுமுன் ஒவ்வொரு தாயும் உறுதியை வாசித்து, அல்லது வாசிப்பித்து, அறியவேண்டும். கற்ற வழக்கறிஞர்களும் நொத்தாரிசுமாரும் இதனை ஊருக்கு ஊர் விளக்கவேண்டும்.

உடை மாறட்டும், உழவும் மாறட்டும். ஏர் போய் இயந்திரம் வந்ததற்கு நாம் அழவில்லை. தாயின் குடியில் பிறந்த நாம், தாய்க்கு வீடில்லாத ஊரை மட்டும் நம் மக்களுக்கு விட்டுச்செல்லலாகாது.