ஐம்பது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்



சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா அதையும் தாண்டி மோகனூரிலிருந்து வந்த எனக்குப் போக வர தினமும் ஐந்து மணி நேரம். நாமக்கல்லில் பஸ் மாறணும். சேலத்தில் டவுன் பஸ் பிடிக்கணும். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டுமென்று, மாலையில் ஆய்வகத்தில் ஒருநாளும் நான் தங்கியதில்லை. கடைசி வருஷ பிராஜெக்டை என் நண்பன்தான் முடித்தான். பெயர் மட்டும் இருவருக்கும் வந்தது. அது இன்னும் உறுத்துது.

நான் 2009-ல் படிப்பை முடித்தேன். ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகச் செல்லும் 85 கிலோமீட்டர் சேலம் - கரூர் ரயில் பாதை 2013-ல்தான் திறந்தது. அதுவரை ரயிலில் கரூர் போக ஈரோட்டைச் சுற்றணும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். ரயில் வர மேலும் பதினாறு வருஷம்!

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீங்க. வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை கடிகாரத்தில் அளந்து பாருங்க. இன்றும் ரயிலடி இல்லாத ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்காக மதிய இடைவேளையிலும் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள், ஐயா. ரயில் பாதை போட வருஷக்கணக்காகும். இதற்கு ஒரு சாவி போதும்.