பாடத்துக்கு வெளியே ஒரு படிப்பு

(பென்டில் ஹில்லில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலும் தரவு விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது பேசுங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் பேராசிரியர் அல்லன். எண்பதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் படித்தவன். இங்கே வந்தபிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணினேன். "படிச்சதும் எண்ணுறது, செய்ததும் எண்ணுறது" என்று வீட்டில் மனைவி பகிடி பண்ணுவா. ஆனபடியால் இங்கே ஒரு படித்தவனாக நிற்கவில்லை. பிழைவிட்ட ஒரு தகப்பனாக நிற்கிறேன்.

2023 டிசம்பரில் வொலங்கொங்கில் அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியல் மாநாடு நடந்தது. என் மகள் அப்போது மூன்றாம் வருடம் முடித்திருந்தாள். மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம், இரண்டு சிநேகிதிகளோடு ஒரு அறையில் தங்கலாம், போகட்டோ என்று கேட்டாள். இங்கேயிருந்து ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம், அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமோ? "சோதினையும் இல்லை, சேட்டிபிக்கற்றும் இல்லை. பிறகென்னத்துக்கு மாநாடு? அந்த மூண்டு நாளும் கடையில வேலை செய்தால் காசாவது மிஞ்சும்." அவள் சண்டை பிடிக்கவில்லை. "சரியப்பா" என்று அறைக்குள் போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

சிநேகிதி போனாள். அவளும் அகதிக் குடும்பத்துப் பிள்ளைதான், வியட்நாம்காரர். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "நீ என்ன செயல்திட்டம் செய்தாய்?" என்று கேட்டிருக்கிறா. ஆஸ்பத்திரித் தரவுகளோடு வேலை செய்கிறவ. ஐந்து நிமிடக் கதை, ஒரு ஈமெயில் முகவரி. அடுத்த கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைக்கு ஆறு கிழமை வேலை கிடைத்தது. பிறகு அதுவே நிரந்தரமாகிவிட்டது. மார்க்ஸ் கூட என்ர பிள்ளைக்குத்தான். அவள் பதினேழு விண்ணப்பம் போட்டாள், பதினேழுக்கும் மறுமொழி இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த மௌனத்தை நான் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

மாநாடு என்றால் மேடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் நித்திரை கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். (ஊரில் சில கருத்தரங்குகள் அப்படித்தான் இருந்தன. வடை வரும்போது மட்டும் எல்லோரும் விழித்துவிடுவோம்.) மகளிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். முன்கூட்டியே ஒரு சிறிய சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டும். தெரிவானால் சில நிமிடப் பேச்சு, அல்லது ஒரு போஸ்டர். போஸ்டர் போடுகிற பிள்ளை அதன் பக்கத்தில் நிற்கும், வருகிறவர்கள் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். வாய் திறந்து விளக்கப் பழகுவது அங்கேதான். எங்கடை பிள்ளைகள் சோதினைத் தாளில் எழுதுவதில் கெட்டிக்காரர். ஒரு அந்நியர் முன்னால் நின்று "நான் இதைச் செய்தேன், இது சரிவரவில்லை, ஏன் சரிவரவில்லை என்றால்" என்று சொல்லச் சொன்னால் காலைப் பார்க்கிறார்கள். அதற்கு நாங்கள்தான் காரணம். வாயைப் பொத்திக்கொண்டு படி என்றுதானே வளர்த்தோம்!

சி. ஆர். ராவ் அவர்களின் கதை சிலருக்குத் தெரிந்திருக்கும். 1940ஆம் ஆண்டளவில் கணிதம் படித்துவிட்டு, இராணுவ அளவைப் பிரிவில் ஒரு வேலை தேடிக் கல்கத்தாவுக்குப் போனார். வேலை கிடைக்கவில்லை. தங்கியிருந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்த ஒருவர், தான் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தில் பயிற்சி பெறுவதாகச் சொன்னார். 1931இல் மகலனோபிஸ் தொடங்கிய நிறுவனம் அது. ராவும் போய்ப் பார்த்தார், 1941இல் சேர்ந்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிப்பிக்கிறார்கள். 2023இல், 102 வயதில், சர்வதேசப் புள்ளிவிபரவியல் பரிசு கிடைத்தது. அந்த வருடமே காலமானார். அந்த மனிதரை அந்த இடத்தில் சந்தித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படியான சந்திப்பு நடக்கக்கூடிய இடத்துக்குப் போகாதே என்று நான் என் பிள்ளையை மறித்தேன் என்பது மட்டும் தெரியும்.

சரி, இங்கே என்னென்ன இருக்குது? 1962இல் உருவான அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியல் சங்கத்தில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சேரலாம். இளம் புள்ளிவிபரவியலாளருக்கென்று தனி மாநாடும் அவர்கள் நடத்தியிருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் கிளை, பட்டப்பின் மாணவர்கள் பேசிப் பரிசு பெறுகிற ஜே. பி. டக்ளஸ் விருது நாளை நடத்துகிறது. அவுஸ்திரேலியக் கணித விஞ்ஞான நிறுவகம், அதாவது அம்சி, விடுமுறை ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஒரு விரிவுரையாளருக்குக் கீழே ஆறு கிழமை ஆராய்ச்சி, கைச்செலவுக்குக் காசும் உண்டு. அவர்களுடைய கோடைகாலப் பள்ளி 2003இலிருந்து ஜனவரியில் வருடத்துக்கொரு பல்கலைக்கழகமாக நடந்து வருகிறது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றால் காகிள் போட்டிகள் இருக்கின்றன. 2010இல் மெல்பேர்னில் தொடங்கியது, 2017இல் கூகிள் வாங்கிவிட்டது. காசில்லாதவனும் சேரலாம். ஆர் என்ற மென்பொருளும் அப்படித்தான், ஒரு சதமும் இல்லை. பக்கத்து நியூசிலாந்தில், ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிள்ளை அது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கவ்ஹக் என்கிற போட்டி. 2009இல் கன்பராவில் தொடங்கியது. ஒரு வார இறுதியில் 46 மணித்தியாலம். அரசாங்கம் திறந்துவிட்டிருக்கும் தரவுகளை எடுத்து, குழுவாக இருந்து, சனத்துக்கு உதவுகிற ஏதாவது ஒன்றைச் செய்து காட்டவேண்டும். வொலங்கொங் விசயத்துக்குப் பிறகு மகள் இதுக்குப் போகிறேன் என்றபோது நான் வாயே திறக்கவில்லை. நானே காரில் கொண்டுபோய் விட்டேன், புட்டும் கட்டிக் கொடுத்தோம்.

அவளுடைய குழு குடிசன மதிப்புத் தரவை எடுத்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அவுஸ்திரேலியாவில் 2016இல் 73,161 பேர், 2021இல் 95,404 பேர். நான் சந்தோசப்பட்டேன். அவள் சந்தோசப்படவில்லை. "கூடினது சரியப்பா, ஏன் கூடினது? புதுசா வந்த ஆக்களோ, பிறந்த பிள்ளையளோ, இல்லாட்டி முந்தி இங்கிலிஷ் எண்டு எழுதினவை இப்ப தமிழ் எண்டு எழுதினவையோ?" அட, இதைத்தானே எங்கள் விரிவுரையாளர்களும் எங்களுக்குத் தலையில் குட்டிச் சொன்னார்கள் என்று நினைத்தேன்.

அதைவிடப் பெரிய விசயம் இரண்டாம் நாள் நடந்தது. ஒவ்வொரு சிறிய பகுதிக்கும் மொழி, வயது என்று பிரித்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் நிறுத்தச் சொன்னாளாம். ஒரு தெருக்கூட்டத்தில் தமிழ் பேசுகிற எண்பது வயதுக்காரர் ஒருவர்தான் என்றால், அவர் யாரென்று கண்டுபிடிக்கலாமே என்று கேட்டிருக்கிறாள். 1983 யூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்று அந்தக் குழுவுக்கு விளங்கப்படுத்தினாளாம். அங்கே வழிகாட்டியாக இருந்தவர், இந்த நாட்டுப் புள்ளிவிபரப் பணியகம் அட்டவணைகளில் எண்களை வேண்டுமென்றே சிறிது மாற்றித்தான் வெளியிடுகிறது, சிறிய எண்களை அப்படியே நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். குழு வரைபடத்தைப் பெரிய பகுதிகளாக மாற்றிப் போட்டது. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரவு காரில் வரும்போது அவள், "எண்ணுறது ஆக்களுக்கு உதவவும் செய்யும், அழிக்கவும் செய்யும், இதை வகுப்பில ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். எங்கள் வீட்டுக் கதை ஒன்று இந்தத் துறைக்குத் தேவைப்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இனி, விசா விசயம். இதைப் பேசாமல் போனால் இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு நான் பேசியதே பொய். 2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. அதோடு உயர்கல்விக் கடன் உதவியும் வந்தது. மறுக்கப்பட்டு பிரிட்ஜிங் விசாவில் நின்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அப்படியொரு பெடியனை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் கொடுத்த புகலிடக் கோரிக்கையாளர் புலமைப்பரிசிலில் தரவு விஞ்ஞானம் படிக்கிறான். அவனுடைய வேலை வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குத் தெரிவானது. அவனிடம் இருக்கிற விசாவில் வெளியே போனால் திரும்பி வரமுடியாது. எழுதிக் கேட்டான், இணையவழியாகப் பேச அனுமதித்தார்கள். ரூங்காபியில் அவர்களுடைய வீட்டில், விடியப்புறம் இரண்டு மணிக்கு, சேட்டுப் போட்டு, கீழே சாரத்தோடு இருந்து பேசினான். தாயும் தகப்பனும் தங்கச்சியும் சோபாவில் வரிசையாக இருந்து கேட்டார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. முடிந்ததும் தாய் எழும்பித் தேத்தண்ணி போட்டா. "எத்தினை பேரடா கேட்டவை?" என்று தகப்பன் கேட்டார். "நாப்பது பேர் இருக்கும்" என்றானாம்.

ஆகவே பிள்ளைகளே, விசாவைக் காரணம் காட்டி முதலே விட்டுவிடாதேங்கோ. எந்தப் புலமைப்பரிசிலுக்கும் தகுதி நிபந்தனையை வாசியுங்கோ, விளங்காவிட்டால் எழுதிக் கேளுங்கோ. பயணச் செலவுக்கு உதவித்தொகை இருக்குதோ என்றும் கேளுங்கோ, அநேகமான இடங்களில் மாணவருக்கென்று ஏதாவது வைத்திருப்பார்கள், கேட்காதவனுக்குத்தான் கிடைப்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் கைவிசேடம் கொடுக்கும்போது பெரிய பிள்ளைகளிடம் எந்த மாநாட்டுக்கு என்ன கட்டணம் என்று கேட்டு அந்தக் காசைக் கொடுங்கோ. இரவு தங்கவேணும் என்றால் பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. சிநேகிதப் பிள்ளையின் தாயோடு ஒருக்கால் ரெலிபோனில் கதையுங்கோ, அரைவாசிப் பயம் போய்விடும்.

சாப்பாடு வந்துவிட்டது என்று பின்னால் கை காட்டுகிறார்கள். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு நிற்பேன். இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகள் பெயரை எழுதிவிட்டுப் போங்கோ. விபரம் கேட்கிறதென்றால் என்னைக் கேளாதேங்கோ, பச்சைப் பாவாடையோடு பாத்திரம் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே, அவளைக் கேளுங்கோ. போன வருடம் வேலை கிடைத்துவிட்டது, ஆனாலும் வருகிற மாநாட்டுக்கு லீவு போட்டுவிட்டாள். இந்தமுறை என்னிடம் அனுமதி கேட்கவில்லை.