நகை அடகில், மிஷின் சேற்றில்!
(வட்டக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்ம டெல்டாவில் குறுவை அறுப்பும் மழையும் ஒண்ணாத்தான் வருது. ஈர வயலில் டயர் மிஷின் புதைஞ்சு போகும். பெல்ட் மிஷின்தான் இறங்கும். வேளாண் பொறியியல் துறை அதற்கு மணிக்கு 1,880 ரூபாய் என்று வாடகை அறிவித்தது. நல்லதுதான். ஆனால் நம்ம முறை வருவதற்குள் நெல் சாய்ந்து முளைத்துவிடுகிறது. அப்புறம் புரோக்கர் சொல்வதுதான் வாடகை!

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து பழைய பெல்ட் மிஷின் ஒன்று வாங்கினோம். மீட்டர் குறைந்த மணி நேரம்தான் காட்டியது. விற்றவர் பேச்சை நம்பினோம். மூன்றாம் நாளே நடு வயலில் பெல்ட் அறுந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "மீட்டர்ல கை வச்சிருக்காங்கண்ணே" என்றார். வீட்டுப் பெண்களின் நகை அடகில் கிடந்தது. மிஷின் சேற்றில் கிடந்தது.

நாங்க பட்டது போதும். நீங்க படக்கூடாது. வாங்கப் போனால் மீட்டரைப் பார்க்காதீங்க, அடிப்பாகத்தைப் பாருங்க. பெல்ட்டில் வெடிப்பு விழுந்து உள்ளே கம்பி தெரிந்தால் அதன் ஆயுசு முடிந்தது. பல் சக்கரம் கத்தி மாதிரி கூராகியிருந்தால் புது பெல்ட்டையும் தின்றுவிடும். ரோலரை ஆட்டிப் பாருங்க. ஆடினாலோ, எண்ணெய் கசிந்தாலோ செலவு இருக்கு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஆர்.சி. புத்தகமும், பழைய கடன் தீர்ந்ததற்கான சான்றும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீங்க.

வாங்கிய பிறகு அன்றாடம் சேற்றைக் கழுவணும். காய்ந்த சேறுதான் ரோலர் சீலுக்கு எமன். பெல்ட் தொய்ந்தால் கழன்றுவிடும், அதிகம் இழுத்தால் தேயும். தார் ரோட்டில் ஓட்டாமல் லாரியில் ஏற்றுங்க. ஏர் பில்டரில் தூசி அடைய விடாதீங்க.

இதெல்லாம் நம்ம கையில் இருக்கு. அரசாங்கத்தின் கையில் இருப்பது என்ன? 2014-15-ல் தொடங்கிய இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம் என்றார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யையும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் மானியம் புது மிஷினுக்குத்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. இருபது லட்சத்துக்கு மேல் விலை போகும் மிஷினுக்கு மீதிப் பணத்தை ரெண்டு ஏக்கர்காரன் எங்கே போய்த் தேடுவான்? பழைய மிஷினுக்குக் கடன் கேட்டால் எங்களைக் கையை விரித்து அனுப்பினார்கள்.

எனவே நாம் கேட்கிறோம்:

1. விவசாயிகள் கூட்டாக வாங்கும் பழைய மிஷினுக்குக் கூட்டுறவுக் கடன் கொடு!
2. விற்பனைக்கு வரும் பழைய மிஷினைப் பொறியியல் துறையே சோதித்துச் சான்று கொடு!
3. அறுப்புக் காலத்தில் வட்டந்தோறும் கூடுதல் பெல்ட் மிஷின்களை இறக்கு!

வரும் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாருங்கள். தனியாகப் போனால் மனு. திரண்டு போனால் கோரிக்கை!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!