நோயும் கணக்கும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்றுவரும் பெற்றோர் இன்று நம்மிடையே பலர். நானும் என் மகள் வீட்டிற்குப் போயிருந்தேன். ஓரிரவு நெஞ்சு நொந்தது. மகள் அம்புலன்சை அழைத்தாள். வைத்தியர்கள் அன்பாகவே கவனித்தார்கள்; அதிலே ஒரு குறையும் சொல்லமாட்டேன். இருதயத்தில் பழுதில்லை, வாய்வுதான் என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் ஓரிரவில் தீர்ந்தது. கணக்குத் தீர எட்டு மாதஞ் சென்றது.

ஆஸ்பத்திரி ஒரு கணக்கு அனுப்பியது. என்னைப் பார்த்த வைத்தியர் வேறொன்று, படத்தைப் பார்த்து அறிக்கை எழுதியவர் இன்னொன்று, அம்புலன்சுக்காரர் மற்றொன்று. அந்நாட்டில் இவர்கள் பெரும்பாலும் தனித்தனியே பணம் கேட்பவர்கள். நான் புறப்படுமுன் வாங்கிய பிரயாணக் காப்புறுதியோ, 'உமக்கு இரத்த அழுத்தம் முன்னரே உண்டு. முன்பிருந்த நோய்க்கு நாம் பொறுப்பல்ல' என்று எழுதிக் கைகழுவிவிட்டது.

அந்நாட்டாருக்கேனும் இது இலகுவோ என்றால், அதுவுமில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ம் ஆண்டிலே, அரசாங்கம் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியது. ஆட்களைப் பிடிக்க விரும்பிய முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதியைக் கொடுக்கலாயினர். அன்று தொட்டு, பெரும்பாலோருக்குக் காப்புறுதி உத்தியோகத்தோடு கட்டப்பட்டுவிட்டது. வேலை போனால் அதுவும் போகும். 2024-ல் உத்தியோகவழிக் காப்புறுதிக்கு, முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும் சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றிற்குச் சராசரி 25,572 டொலர் சென்றது. இவ்வளவு கட்டியும், நோய் வந்தால் குறித்த ஒரு தொகைவரை நோயாளி தன் கைப்பணத்தையே பெரும்பாலும் செலவிட வேண்டும். எதிர்பாராத கணக்குகளைத் தடுக்க 2022 சனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தெருவில் ஓடும் அம்புலன்ஸ் அதில் அடங்கவில்லை.

நான் மகளிடம், "மானம் போகும் பிள்ளை, கேட்ட காசைக் கொடுத்துவிடு" என்றேன். அவளோ, "அப்பா, கணக்குக் கேட்பது கடனை மறுப்பதாகாது" என்றாள். ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும்படி எழுதினாள். வந்த விவரத்தில் ஒரே பரிசோதனை இருமுறை பதியப்பட்டிருந்தது. இலாபநோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் வசதி குறைந்தோருக்கு உதவும் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டுமென்பது 2010-ம் ஆண்டுச் சட்டம். அதன்படியும் விண்ணப்பித்தாள். தொகை பெரிதும் குறைந்தது. மீதியைத் தவணையாகக் கட்டினோம். என் சொற்படி அவள் நடந்திருந்தால், செய்யாத பரிசோதனைக்கும் பணங் கொடுத்திருப்போம்.

பெரியோர்களே, பயணத்துக்கு முன் காப்புறுதிப் பத்திரத்தில் எவ்வெவற்றுக்குப் பணந் தரமாட்டார்கள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். வாசிக்க இயலாவிடில் வெட்கப்படாது ஒருவரைக் கேளுங்கள்.

வாலிபர்களே, நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் தனியார் வைத்தியசாலைக்கும் காப்புறுதிக் கந்தோருக்கும் செல்வோர் இங்கும் பெருகிவிட்டனர். உங்கள் அயலிலே ஒரு கிழவரோ விதவைத் தாயோ விளங்காத ஒரு கடதாசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நித்திரையின்றிக் கிடக்கலாம். அரைமணி நேரம் அருகிலிருந்து அதை வாசித்துச் சொல்லுங்கள். பணமில்லாத வாலிபனும் செய்யக்கூடிய தொண்டு அது.