கம்பைச் சாத்திவைத்த ஆசான்



சிலம்படி என்றதும் எல்லோரும் வீச்சைத்தான் சொல்லுவார்கள். கோயில் திருவிழாவில் கம்பு கண்ணுக்கே தெரியாமல் சுழன்றதை வாய்பிளந்து பார்த்த ஆட்கள்தானே நாங்கள். எனக்கென்றால் இந்தக் கலையின் உயிர் காலில் இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு தட்சணை வைத்துக் கும்பிட்ட பெடியனுக்குப் பழைய ஆசான்மார் உடனே கம்பு கொடுப்பதில்லை. வெறுங்கையோடு காலடி வைக்க விடுவார்கள். பாரம் எந்தக் காலில், எப்போது திரும்புவது என்பது உடம்பில் ஊறிய பிறகுதான் அவன் நெற்றிமட்டத்துக்கு அளந்து ஒரு கம்பு வெட்டுவார்கள்.

அதன்பிறகு நேருக்கு நேர் நின்று அடியும் தடுப்பும். ஆசான் தலைக்கு வீசுவார். சீடன் தடுக்கப் பிந்தினால், மண்டைக்கு ஒரு விரற்கிடை இருக்க அந்தக் கம்பு நின்றுவிடும். அப்படி நிறுத்தத் தெரிந்தவரைத்தான் நான் ஆசான் என்பேன். அந்தக் கையை நம்பித்தான் ஒரு பிள்ளை தன் தலையைக் கொடுக்கிறான்.

வன்னியில் நான் பேசிய ஒரு முதிய ஆசான் கம்பைச் சாத்திவைத்துவிட்டார். 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விழுந்த பிறகு, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே சனம் ஒடுங்கிய மாதங்களில் அவருடைய சீடன் செல்லடியில் செத்தான். செட்டிகுளம் முகாமில் இருந்து ஊர் திரும்பியவரிடம் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கனபேர் கேட்டார்கள்.

“தம்பி, அவனுக்குத் தலையைக் காக்கப் பழக்கினனான். செல்லுக்கு எந்தத் தடுப்பைப் பழக்கிறது? இனி ஒரு பிள்ளையையும் என்ரை கையிலை தரவேண்டாம்” என்றார்.

இதைப் பிடிவாதம் என்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தன்மேல் போட்டுக்கொண்ட பழி அவருடையதில்லை. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன், அதே வருடம் ஒக்டோபர் 31 இல் வெள்ளைக்காரப் படையிடம் தோற்றதைக் கற்சிலைமடுவில் நட்ட நினைவுக்கல் பதிவுசெய்தது. வாளும் கம்பும் துவக்குக்கு முன் எவ்வளவு தாங்கும் என்பது இந்த மண்ணுக்கு அப்போதே தெரியும்.

அப்படியென்றால் இன்றைக்குச் சிலம்படி எதற்கு? இழப்புக்குள் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கோபம் இருக்கிறது, பலமும் இருக்கிறது. 2022 இல் முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவி பாகிஸ்தானுக்குப் போய்க் கிக்பொக்சிங் போட்டியில் தங்கம் வென்று வந்தாரே. அந்தப் பலத்தை விரற்கிடையில் நிறுத்தப் பழக்குகிற கலை இது. வீச்சைக் காணொளி பார்த்தும் பிடிக்கலாம். நிறுத்துவதற்கு எதிரே ஒரு ஆள் நிற்கவேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால், பிள்ளையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் போகாதேயுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் முள்ளிவாய்க்கால் நினைவுநாளும் வரும். அந்த நாட்களில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், செத்துப்போன அந்தச் சீடனைப் பற்றிக் கேளுங்கள். அவன் எந்த அடியில் கெட்டிக்காரன் என்று கேளுங்கள். ஆசான் எழும்பிக் காட்டினால் பிள்ளைகள் பார்க்கட்டும். காட்டாவிட்டால் கதையைக் கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வைகாசிக்கும் போங்கள்.